கோழிக்கு நடை சொன்னவர்

கவரைப்பேட்டை
11.2.2024

அன்புள்ள அக்கா சாராளுக்கு,

தம்பி யேசுதாஸ் எழுதுவது. தேவ கிருபையால் நானும் ஹெலனும் சுகமாக இருக்கிறோம். நீயும் மகன் ஜெகனும் மருமகள் பிரின்சியும் அங்கே கோலார் தங்கவயலில் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

வாரா வாரம் போனில் பேசுகிறவன் இப்போது கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். சில மாதங்களாக என் தொண்டை சரியில்லை. குரல் கம்முகிறது. போன வாரம் ஹெலனின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைச் சொன்னேன். நீ, “ஆமாண்டா, இங்கயும் பனி ஜாஸ்தி” என்றாய். தப்பு என் குரலுடையதுதான். தொண்டை தேறும்வரை கடிதத்தில் பேசிக்கொள்ளலாமா? உனக்குச் சம்மதம் என்றால் மட்டும்.

இன்னொரு செய்தி. சிரிக்காதே. திருவள்ளூரில் சனிக்கிழமைகளில் கார்ட்டூன் படம் செய்யக் கற்றுத் தருகிறார்கள். கம்ப்யூட்டரில் இல்லை, கையால் வரைந்து செய்யும் பழைய முறை. சேரலாமா என்று விசாரிக்கப் போய், இரண்டு தடவை வாசலோடு திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவை டீச்சர் குணசுந்தரியே வெளியே வந்து, “சார், உள்ள வந்து திரும்பிப் போங்க” என்றார். அவர் சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் அந்தக் காலத்தில் படங்களுக்கு வர்ணம் பூசியவர்.

முதல் வகுப்பில் வின்சர் மெக்கே என்ற அமெரிக்க ஓவியரைப் பற்றிச் சொன்னார். நூறு வருஷத்துக்கும் முந்தியவர். ஒரு மிருகம் தலையை ஆட்டுவதற்கு ஒவ்வொரு அசைவையும் தனித்தனித் தாளில் வரைந்தாராம். பின்னால் இருக்கும் மலையும் மரமும் அசையவே அசையாது. ஆனாலும் ஒவ்வொரு தாளிலும் அதே மலையைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. அந்த வேலைக்கென்றே பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனை வைத்துக்கொண்டாராம்.

வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு சின்னப் படம் செய்து காட்ட வேண்டும். கம்பெனி இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடித்தே என் உத்தியோகம் முடிந்தது. நானாக ஒன்றைச் செய்து நாலு பேர் முன்னால் வைத்ததே இல்லை. பாதியில் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி யேசுதாஸ்


மாரிகுப்பம், கோ.த.வ.
3.3.2024

அன்புத் தம்பி யேசுதாசுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். கர்த்தர் இதுவரை குறையில்லாமல் நடத்துகிறார். ஹெலனின் கண் தேறியது கேட்டுச் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்.

உன் தொண்டைக்கு மிளகைத் தட்டித் தேனில் குழைத்துச் சாப்பிடு. கடிதத்துக்குச் சம்மதமா என்று கேட்கிறாய். எனக்கும் இதுதான் வசதி. போனில் பேசினால் பிரின்சி பக்கத்திலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்கிறாள்.

கார்ட்டூன் படமா! பள்ளிக்கூடத்தில் டிராயிங் போட உட்கார்ந்தால், பென்சிலைச் சீவிச் சீவிப் பாதியாக்கிவிட்டு, வெள்ளைத் தாள்மேல் தலை வைத்துத் தூங்கிப் போகிறவன் நீ. இந்தத் தடவை தூங்காதே. பாதியில் விட்டாயானால் நானே வந்து உன் காதைத் திருகுவேன்.

யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். பிரின்சியிடம் மட்டும் சொன்னேன். அவள் தெரு முழுவதும் சொல்லிவிட்டாள்.

என்ன படம் செய்யப் போகிறாய்? அதை எழுது.

அன்புடன்,
அக்கா சாராள்


கவரைப்பேட்டை
28.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கங்கள். இங்கே வெயில் கடுமை. அது தவிர குறை ஒன்றுமில்லை. உன் உடம்பு எப்படி?

வேலை தொடங்கிவிட்டது. மெக்கே ஒவ்வொரு தாளிலும் மலையை வரைந்த கஷ்டத்தைச் சொன்னேன் அல்லவா? ஏர்ல் ஹர்ட் என்ற இன்னொரு ஓவியர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அசையும் உருவத்தைக் கண்ணாடி போன்ற தாளில் வரைந்தால், பின்னணியை ஒரே ஒரு தடவை வரைந்து அடியில் வைத்தால் போதும். அந்தக் கண்ணாடித் தாளுக்கு ‘செல்’ என்று பெயர். முன்பக்கம் கோடு, பின்பக்கம் வர்ணம். இது தெரியாமல் முதலில் முன்பக்கமே பூசிவிட்டேன். மூக்கு, கண் எல்லாம் வர்ணத்தில் மூழ்கிப் போயின. ஹெலன் பார்த்துவிட்டு, “இன்னாங்க, யாருக்கு அம்மை போட்டுகீது?” என்று கேட்டாள்.

அந்தத் தாள் கடையில் விலை அதிகம். கும்மிடிப்பூண்டியில் மாத்திரை அட்டை தயாரிக்கும் கம்பெனியில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் கிடைத்தன. என்னோடு டூல் ரூமில் இருந்த லோகு இப்போது சிப்காட் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறான். தாள்கள் நகராமல் மாட்டுவதற்கு அவன் பித்தளையில் முளைகள் கடைந்து கொடுத்தான். “சார், கம்பெனில நீங்க என் வேலைய எவ்ளோ ரிஜக்ட் பண்ணிகிறீங்க. இதையாச்சும் பாஸ் பண்ணுங்க” என்றான். பாஸ் செய்துவிட்டேன்.

நம் ரயில் நிலையம்தான் பின்னணி. ஒரு கிழவி ஒயர் கூடையில் கோழியோடு பிளாட்பாரத்துக்கு வருகிறாள். கோழி தப்பி ரயிலில் ஏறிவிடுகிறது. இவள் துரத்தி ஏறுகிறாள். கோழி அடுத்த கதவு வழியாக இறங்கிவிடுகிறது. ரயில் கிழவியோடு கும்மிடிப்பூண்டிக்குப் போய்விடுகிறது. கோழி தனியாக நிற்கிறது. இவ்வளவுதான். சிரிப்பு வருமா என்று எனக்கே சந்தேகம்.

உன்னிடம் சில கேள்விகள். ஓடுவதற்கு முன் சேலையை இடுப்பில் எந்தக் கையால் செருகுவாய்? அப்போது உதட்டைக் கடிப்பாயா? கூடை எந்தத் தோளில்? ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே.

தம்பி யேசுதாஸ்


மாரிகுப்பம்
19.5.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் சுகத்தை எழுது.

வலது கையால்தான் செருகுவேன். சந்தேகமாக இருந்ததால் கண்ணாடி முன்னால் நின்று செருகிப் பார்த்தேன். உதட்டைக் கடிக்க மாட்டேன். நாக்கைத்தான் ஓரமாகத் துருத்துவேனாம். பிரின்சி சொல்கிறாள். கூடை இடது தோளில். வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று ஓடிக் காட்டினேன். ஜெகன் வேலையிலிருந்து வந்தவன் கதவருகே நின்றுவிட்டான். “அம்மாவுக்கு இன்னாச்சு?” என்று கேட்டானாம்.

ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

அக்கா சாராள்


கவரைப்பேட்டை
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகம்தானே. எனக்கு உடம்பில் குறையில்லை. மனசுதான் சரியில்லை.

படத்தின் முதல் பாதியை வரைந்து, போனை ஸ்டாண்டில் மாட்டி, ஒவ்வொன்றாகப் படம் பிடித்து ஓட்டிப் பார்த்தோம். கிழவி பரவாயில்லை. கோழி நடக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போகிறது. நான் ஒவ்வொரு அடிக்கும் ஸ்கேல் வைத்து, ஒரே அளவு இடைவெளி விட்டு, துளியும் பிசகாமல் வரைந்திருந்தேன். இன்ஸ்பெக்‌ஷன் புத்தி. லோகு பார்த்துவிட்டு, “இன்னா சார் இது? பேக்கிங் செக்‌ஷன் பெல்ட்டுல பொட்டி போற மாதிரி போய்க்கினு கீது. இது கோழியா?” என்றான். டீச்சரும், “அசைவு தொடங்குற எடத்துலயும் முடியுற எடத்துலயும் படம் நெருக்கமா வரணும் சார், நடுவுல எட்டி எட்டிப் போகணும். எல்லாம் ஒரே அளவா இருந்தா உசுரு இருக்காது” என்றார்.

அவர் சொன்னபடி திரும்ப வரைந்தேன். பெட்டி கொஞ்சம் தள்ளாடியது. அவ்வளவுதான். வீடெல்லாம் தாள் காய்கிறது. ஹெலன், “கட்டில் மேல கோழி, பீரோ மேல கோழி, கொழம்புல மட்டும் கோழியக் காணோம்” என்கிறாள்.

ஒன்றைச் செய்யும் ஆள் நான் இல்லையோ? இந்த மாசக் கடைசிச் சனிக்கிழமை டீச்சரிடம் சொல்லிவிட்டு நின்றுகொள்ளலாம் என்று இருக்கிறேன். உன் காதைத் திருகும் மிரட்டல் நினைவிருக்கிறது. ஆனாலும் வழி தெரியவில்லை.

யேசுதாஸ்


மாரிகுப்பம்
20.7.2024

தம்பி யேசுதாசுக்கு,

சுக விசாரிப்பெல்லாம் பிறகு. நின்றுகொள்ளப் போவதாக எந்தச் சனிக்கிழமையும் டீச்சரிடம் வாயைத் திறக்காதே.

கோழி எப்படி நடக்கும் என்று என்னிடம் கேட்டிருக்கலாம் இல்லையா? எதிர்வீட்டில் ஐந்து கோழிகள் இருக்கின்றன. நாள் முழுவதும் ஜன்னல் ஓரம்தான் நான். இப்போதெல்லாம் பார்ப்பதுதான் என் வேலை.

கோழியின் தலையும் உடம்பும் சேர்ந்து போகாது. கால் எடுத்து வைக்கும், உடம்பு முன்னால் போகும், ஆனால் தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி அந்தரத்தில் அப்படியே நிற்கும். உடம்பு தலைக்கு அடியில் வந்து சேர்ந்ததும் தலை வெடுக்கென்று முன்னால் போய் மறுபடி நின்றுவிடும். நின்ற தலை, வரும் உடம்பு, வெடுக். நின்ற தலை, வரும் உடம்பு, வெடுக். இரை தேடும்போது ஒரு காலை மடக்கித் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அப்போது அச்சு அசல் உன்னை மாதிரியே இருக்கும்.

அதை வரை. ஸ்கேலை ஹெலனிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்.

அக்கா சாராள்


கவரைப்பேட்டை
25.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். எல்லாரும் சுகம். மழை தொடங்கிவிட்டது.

கோழி நடக்கிறது! நீ எழுதியபடியே தலையை நிறுத்திவிட்டு உடம்பை மட்டும் நகர்த்தி வரைந்தேன். ஓட்டிப் பார்த்ததும் டீச்சர் திரும்ப ஓட்டச் சொன்னார். மறுபடியும் ஓட்டச் சொன்னார். பிறகு, “யார் சார் சொன்னாங்க?” என்றார். “எங்க அக்கா” என்றேன். லோகு போனைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பட்டறைப் பையன்களிடம் காட்டினான். “தோ பாரு, சார் கோழிக்கு உசுரு குடுத்துகிறாரு!” என்று அவன் கத்தியது ரோடு வரைக்கும் கேட்டது. எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் அன்று ராத்திரி இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டேன்.

இன்னொன்று. ஹெலன் வாயைக் கட்ட முடியவில்லை, விஷயம் சபைக்குப் போய்விட்டது. டிசம்பர் 22 கிறிஸ்துமஸ் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் படத்தைப் போட வேண்டும் என்று பாஸ்டர் சாலமோன் சொல்லிவிட்டார். வகுப்பில் நாலு பேர் என்றால் பரவாயில்லை, இது ஊர் முழுவதும்.

நீ வர வேண்டும் அக்கா. நீ வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும். நம் வீட்டுக்கு நீ வந்து மூன்று வருஷமாகிறது.

அன்புடன்,
தம்பி யேசுதாஸ்


கவரைப்பேட்டை
13.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆகஸ்டில் எழுதிய கடிதம் கிடைத்ததா? பதில் இல்லை. பிரின்சியிடம் போனில் கேட்டேன், “அத்த நல்லாத்தான் கீறாங்க மாமா” என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டது உனக்குச் சங்கடமாகிவிட்டதோ என்று நினைக்கிறேன். அப்படியென்றால் மன்னித்துக்கொள்.

வேலை நடக்கிறது. நடுவில் ஒரு சிக்கல். கிழவி ஒரு தாளில், கோழி ஒரு தாளில், ரயில் ஒரு தாளில். மூன்றையும் அடுக்கினால் அடியில் இருப்பதன் நிறம் கொஞ்சம் மங்குகிறது. கோழி ரயிலுக்குள் மறைந்ததும் அதன் தாளை எடுத்தேன். கிழவியின் சேலை பளிச்சென்று வெளுத்துவிட்டது. கோழி வரும்போதும் போகும்போதும் சேலை நிறம் மாறுகிறது! குறை எங்கே என்று தேடுவதுதான் எனக்குத் தெரிந்த வேலையாயிற்றே. கோழி இல்லாத இடத்தில் ஒரு வெற்றுத் தாளை வைத்தேன். சேலை நிறம் மாறாமல் நின்றது. பழைய ஸ்டூடியோக்களிலும் அதே வழிதான் என்று டீச்சர் சொன்னபோது, அந்தக் காலத்து ஆள் யாரோ என் கையைக் குலுக்கியது போல் இருந்தது.

அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த நாளில் ஓவியர் பெயர் திரையில் வரும். செல்லில் கோடு இழுத்து வர்ணம் பூசியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பெயர் வராது. அதைச் சொல்லும்போது டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஒன்று நினைத்திருக்கிறேன், செய்துவிட்டுச் சொல்கிறேன்.

பாஸ்டர் படத்துக்கு மியூசிக் வேண்டும் என்கிறார். “ஐயா, சவுண்டு இல்லாம போட்டா ஜனங்க பேஜாராயிடுவாங்க.” கீபோர்டு வாசிக்கும் ஸ்டீவன், “கோழி நடக்கசொல்ல நான் டொக் டொக்குனு வாசிச்சிக்கினே வரேன் அங்கிள்” என்றான். வேண்டாம் என்றேன். கிழவி பேசவும் வேண்டாம், ரயில் கூவவும் வேண்டாம். கண்ணால் பார்த்தே எல்லாம் புரிய வேண்டும், இல்லையென்றால் படமே வேண்டாம் என்றேன். நான் இப்படி யாரிடமும் பேசியதில்லை. பாஸ்டரே பயந்துவிட்டார். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை.

என் தொண்டை இன்னும் சரியாகவில்லை. கடிதமே எழுது.

தம்பி


மாரிகுப்பம்
10.11.2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

முட்டி வலி. அவ்வளவு தூரம் ரயிலில் வர முடியாது. நீ நல்லபடியாக நடத்து. கூட்டத்தில் உட்கார எனக்கு இப்போது பழக்கமும் விட்டுப்போயிற்று. கோயிலுக்கும் போவதில்லை, வீட்டிலேயே ஜெபம்.

படத்தில் சத்தம் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பயப்படாதே. படத்தில் உன் பெயரைப் பெரிதாகப் போடு.

அக்கா சாராள்


கவரைப்பேட்டை
1.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உன் முட்டிக்குத் தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வர முடியாததற்கு வருத்தப்படாதே.

படம் முடிந்துவிட்டது. ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. நேற்றுகூடப் பாஸ்டரிடம் போய், புரொஜெக்டர் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். புரொஜெக்டர் அவருடையது.

போடத்தான் போகிறேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். யாருக்கென்று ஹெலன் கேட்கவில்லை.

தம்பி யேசுதாஸ்


மாரிகுப்பம்
5.1.2025

என் அன்புத் தம்பி யேசுதாசுக்கு,

புது வருஷ ஆசீர்வாதம் உனக்கும் ஹெலனுக்கும். நானும் பிரின்சியும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். ஹெலன் கட்டிக் கொடுத்த புளிசாதத்தை ஜோலார்ப்பேட்டைக்கு முன்னாலேயே தீர்த்துவிட்டோம். குழம்பிலும் கடைசியில் கோழி வந்ததே, அதற்கு அவளுக்குத் தனியாக நன்றி.

சொல்லாமல் வந்து நின்றதற்குக் காரணம் உண்டு. சொல்லியிருந்தால் நீ படத்தை மறந்துவிட்டு, நான் உட்காரும் நாற்காலியைப் பரிசோதித்துக்கொண்டிருப்பாய். வரும்போது சென்ட்ரலில், கும்மிடிப்பூண்டி வண்டி எந்த பிளாட்பாரம் என்று மைக்கில் சொல்வதற்காக பிரின்சி காத்துக்கொண்டு நின்றாள். நான் போர்டைப் பார்த்து முன்னால் நடந்துவிட்டேன். அவள்தான் என் பின்னால் ஓடி வந்தாள்.

அன்று கூட்டத்தில் நடந்ததை இப்போது எழுதுகிறேன். நீ அங்கேதான் இருந்தாய், ஆனால் உனக்கு ஒன்றும் தெரியாது. ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி நின்றாய். நான் திரும்பிப் பார்த்தேன்.

விளக்கு அணைந்தது. முதலில் உன் பெயர் வந்தது. போதுமான அளவு பெரிதாக இல்லை, அதை மன்னிக்கிறேன். அடுத்து டீச்சர் பெயர். லோகுவின் பெயர் வந்ததும் அவன் எழுந்து நின்று வணக்கம் போட்டான், பின்னால் இருந்தவர்கள் இழுத்து உட்கார வைத்தார்கள். ஹெலன் பெயர். அதற்குப் பிறகு, “கோழிக்கு நடை சொன்னவர்: சாராள்.” பிரின்சி என் கையைக் கிள்ளினாள். அந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

யேசு, ஒன்றை எழுதிவிடுகிறேன். என் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போகத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. உனக்குத் தெரியும். உன் தொண்டைக்கு ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும். இந்த மூன்று வருஷமும் நாலு பேர் கூடும் இடத்தில் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? மற்றவர்கள் சிரித்தால், அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் சிரிப்பேன். எதற்கென்று தெரியாது. சில சமயம் எல்லாரும் நிறுத்திய பிறகும் நான் சிரித்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் போவதையே விட்டேன். முட்டிக்கு ஒன்றுமில்லை. தைலத்தை ஜெகன் தேய்த்துக்கொள்கிறான்.

அன்று அந்தக் கிழவி பிளாட்பாரத்துக்கு வந்தாள். கூடை இடது தோளில். கோழி தலையை நிறுத்தி, உடம்பைக் கொண்டுவந்து, வெடுக்கென்று ரயிலில் ஏறியது. கிழவி நின்றாள். வலது கையால் சேலையை இழுத்து இடுப்பில் செருகினாள். நாக்கு ஓரமாக வெளியே வந்தது. அடப்பாவி, அது நான்! அந்த இருட்டில் நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். ஒருத்தரும் இன்னும் சிரிக்கவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் முகத்தைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள். பிறகுதான் மண்டபமே சிரித்தது.

ரயில் கிழவியைத் தூக்கிக்கொண்டு போனது. கோழி ஒரு காலை மடக்கி யோசித்தது. பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிற மாதிரி கடிகாரத்தைப் பார்த்தது. அப்போது ஸ்டீவன் தன் கீபோர்டு மேலேயே குனிந்து சிரித்தான். பாஸ்டர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார். குழந்தைகள் பெஞ்சில் எகிறிக் குதித்தார்கள். கைதட்டல் எவ்வளவு நேரம் என்று எனக்குக் கேட்கவில்லை, ஆனால் பார்த்தேன். எல்லார் கையும் ஓயும்வரை பார்த்தேன். “திருப்பிப் போடு, திருப்பிப் போடு” என்று அத்தனை வாயும் ஒன்றாக அசைந்தது. நீ கண்ணைத் திறந்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்த தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொள். அந்தக் கிழவியைக் கும்மிடிப்பூண்டியிலேயே விட்டுவைத்திருக்கிறாய், அவளைத் திரும்ப அழைத்து வர வேண்டாமா? அவள் எப்படி இறங்குவாள் என்று வேண்டுமானால் கேள், கண்ணாடி முன்னால் நின்று பார்த்து எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

தேவன் உன் கையைக் காக்கட்டும். மிளகும் தேனும் இனி வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அக்கா,
கோழிக்கு நடை சொன்ன சாராள்